உப்பு அரண்மனைக்கு மூன்று முடிவுகள்

போன வாரம் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. கும்மிடிப்பூண்டி வட்டார வாசகர்கள் என்று யாரோ ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்து, என்னைக் கேட்காமலே என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். பெயர் தெரியாத எண் ஒன்று கேட்டிருந்தது: 'நண்பர்களே, இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் மாயாஜால, சாகச நாவல் எது? பகிர்ந்துகொள்ளுங்களேன்.' கூடவே சிரிக்கிற பொம்மை ஒன்று.

பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். யாரப்பா நீ, இதைத் தெரிந்துகொண்டு உனக்கு என்ன ஆகப்போகிறது?

படிப்பதை ஒளித்துவைக்கிற ஆள் இல்லை நான். இப்போதும் தலையணைக்குப் பக்கத்தில் தடித்த நாவல் ஒன்று குப்புறக் கிடக்கிறது. பாதாள நகரத்தைத் தேடி ஐந்து பேர் படகில் போகிறார்கள், இருநூறாவது பக்கத்தில் துடுப்பு உடைந்திருக்கிறது. அதை எழுதலாம் என்று இரண்டு வரி தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். அந்த எண்ணின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பூந்தொட்டி. பூந்தொட்டியை வைத்து ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது, நீங்களே சொல்லுங்கள்.

இந்தச் சந்தேகம் என் பிறவிக்குணம் இல்லை. ஒரு கம்பெனி பஸ்ஸில் எனக்கு ஒட்டிக்கொண்டது.

இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் கதவுக்குத் தகடு அழுத்துகிற தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. வீடு திருவள்ளூரில். காலை ஆறு மணி ஷிப்டுக்கு நாலேகாலுக்கே பஸ் கிளம்பிவிடும். வெங்கல், பெரியபாளையம், ஆரணி வழியாகப் போய், புதுவாயலில் பெரிய ரோட்டைப் பிடிக்கும். ஏறினதும் எல்லாரும் தூங்கிவிடுவோம். கழுத்து ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். மதியம் திரும்பும்போதுதான் மனிதர்களாக இருப்போம். அப்போதுதான் புத்தகம் வெளியே வரும்.

புத்தகம் என்றால் முழுப் புத்தகம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில், வாடகை நூலகங்கள் கழித்துப்போட்ட தடித்தடி நாவல்கள் எடைக்குக் கிடைக்கும். மந்திரவாதி, கடல் கொள்ளை, பறக்கிற குதிரை என்று எல்லாம் அந்த வகைதான். அட்டை இருக்காது, முதல் நாலு பக்கம் கரையான் தின்றிருக்கும். படிக்கிறவர்கள் மூன்று பேர். நான், பேக்கிங்கில் வேலைசெய்த அமுதா அக்கா, அப்புறம் டூல்ரூமில் இருந்த தஸ்தகீர் பாய். பாய் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, திருவள்ளூரில் மாமாவின் பாத்திரக் கடை மாடியில் தங்கியிருந்தார். ஒருத்தர் படித்து முடிக்கிறவரை மற்ற இரண்டு பேரும் காத்திருப்பதா? அந்தப் பொறுமை எங்கள் மூன்று பேருக்கும் கிடையாது. அதனால் பாய் தன் டூல்ரூம் கத்தியால் முதுகுத்தையலை அறுத்து, புத்தகத்தை மூன்று கட்டாகப் பிரித்துவிடுவார். தலை, வயிறு, வால். ஆளுக்கொரு கட்டு சட்டைப்பைக்குள் போகும்.

முறை வைத்துக் கட்டு மாறும். அதனால் ஒரு புத்தகத்தை ஒருத்தர் தலையிலிருந்தும், ஒருத்தர் வயிற்றிலிருந்தும், ஒருத்தர் வாலிலிருந்தும் படித்தோம். நான் பல நாவல்களில் கல்யாணத்தை முதலில் படித்து, பெண் யார் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்துகொண்டவன். ஆனால் எங்களுக்குள் ஒரு கண்டிப்பு இருந்தது. வால் படித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. முடிவை உளறினால் சனிக்கிழமை எல்லாருக்கும் கவரைப்பேட்டையில் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். அமுதா அக்கா அதற்கு வைத்த பெயர் 'வால் விரதம்'. அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் உண்டு. என் தூக்கத்துக்கு 'கோழித் தூக்கம்', பாயின் கோபத்துக்கு 'டீ ஆறுற வரைக்கும்'.

அந்தக் காகிதங்களுக்குத் தனி வாசனை. பழைய தாளின் வாசனையோடு பிரஸ் மெஷினின் ஆயில் சேர்ந்தால் ஒரு மாதிரி இனிப்பாக இருக்கும். இன்றைக்கும் எங்காவது இரும்புப் பட்டறை பக்கம் போனால், யாரோ ஒரு ராஜகுமாரன் தப்பித்து ஓடுகிற மாதிரி எனக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும்.

முனிரத்னம் வந்து சேர்ந்தது அப்போதுதான்.

உயரமான ஆள். ஊத்துக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையில் ஒரு கிராமம். பெரியபாளையத்தில் ரூம் எடுத்திருந்தான். என் லைனில் என் பக்கத்து மெஷின். ஆறு மாசம் ட்ரெய்னி, அப்புறம் கன்ஃபர்ம் ஆனால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அவனுக்கு அது வெறும் வேலை விஷயம் இல்லை. வந்த முதல் வாரமே சொல்லிவிட்டான்.

"எங்க மாமனாரு கறார் ஆளுண்ணா. பர்மனென்ட் ஆவற வரைக்கும் பொண்ண அனுப்ப மாட்டேன்னு அவங்க ஊட்லயே வச்சிக்கினுகீறாரு. கல்யாணமாகி எட்டு மாசம். நான் போனா விருந்தாளி மாதிரி நாஷ்டா குடுத்து அனுப்பறாங்கோ."

நாங்கள் சிரித்தோம். அவனும் சிரித்தான். இரண்டாவது வாரத்திலிருந்து சிரிப்பு நின்றது. ஏனென்றால் இரண்டாவது வாரம் அவன் கேட்க ஆரம்பித்தான்.

"இப்ப இன்னா படிக்கிறீங்கோ?"

தினமும் அதே கேள்வி. மதியம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்காருவான், இல்லாவிட்டால் பாய் பக்கத்தில். என்ன கதை, யார் வருகிறார்கள், அந்த ராணி எந்தப் பக்கம் போனாள், மந்திரக்கல் யாரிடம் இருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்பான். சரி, ஆர்வம் இருக்கிறது என்று ஒரு கட்டை எடுத்து நீட்டினால் வாங்க மாட்டான். "நீங்க சொல்லுண்ணா, சொன்னாதான் நல்லாருக்குது" என்பான். சொல்வதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வான்.

ஒருநாள் அமுதா அக்கா பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "தெலுங்குல எழுதிக்கினுகீறான்டா. நமக்குப் புரியக் கூடாதுன்னுதான்."

இந்த இடத்தில் எங்கள் பஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பஸ்ஸுக்குக் காது முளைத்திருந்தது. கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒருத்தர் திங்கட்கிழமை பஸ்ஸில் புலம்பினால், செவ்வாய்க்கிழமை டைம் ஆபீசில் அவரைக் கூப்பிட்டு "சாம்பார் சரியில்லையாமே?" என்பார்கள். பாதுகாப்புச் செருப்பு கேட்கலாமா என்று இரண்டு பேர் மெதுவாகப் பேசியது மறுநாளே மேலே போயிருந்தது. யார் கொண்டுபோகிறார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. முனிரத்னம் வருவதற்கு முன்னாலேயே நடந்ததுதான் இதெல்லாம். ஆனால் சந்தேகத்துக்குக் காலக்கணக்கு தெரியாது. காது ஏற்கனவே இருந்தது, ஆள்தான் தேடிக்கொண்டிருந்தோம். நோட்டும் கையுமாக ஒருத்தன் வந்து மாட்டினான்.

இன்னொன்றும் இருந்தது. காலை பஸ்ஸில் அவன் பெரியபாளையத்தில் ஏறினால் எங்கள் பக்கம் வர மாட்டான். டிரைவர் பக்கத்தில் இஞ்சின் பெட்டி மேல் ஒரு துணியைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். டிரைவர் சீனய்யா ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், தடா ஊர்க்காரர். எங்கள் சூப்பர்வைசரும் தடாக்காரர். இரண்டு பேரும் ஒரே டம்ளரில் டீ குடிக்கிற சிநேகம்.

"இங்க கேக்கறான், அங்க ஊத்தறான்," என்றார் தஸ்தகீர் பாய். "காலைல பாரு, சீனய்யா காதுகிட்ட வாய வச்சிக்கினே வரான்."

"வெறும் கதைதானே பாய் கேக்கறான்? அதுல இன்னா இருக்குது?"

"முதல்ல கதை கேப்பான். நம்ம பழக்கம் ஆனதும் மத்தத கேப்பான். இதெல்லாம் ஒரு டெக்னிக்குடா."

அப்போது எங்கள் கையில் இருந்த புத்தகத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் இருந்த பக்கம் போய்விட்டது. நாங்களாக 'உப்பு அரண்மனை' என்று வைத்துக்கொண்டோம். கடலுக்கு நடுவில் முழுக்க உப்பால் கட்டின அரண்மனை. மழை பெய்தால் கரைந்துவிடும். அதனால் மந்திரி ஒருவன் மேகங்களை எல்லாம் பிடித்துக் குகையில் அடைத்து வைத்திருக்கிறான். வாசலில் ஒரு குருட்டுக் காவல்காரன். உள்ளே சிறைப்பட்ட தன் அண்ணனை மீட்க ஒரு இளவரசன் வருகிறான். நல்ல கதை. ஆனால் வால் மட்டும் சப்பென்று இருக்கும். மந்திரி மன்னிப்புக் கேட்கிறான், இளவரசனுக்குப் பட்டாபிஷேகம், குடை பிடிக்கிறார்கள், முடிந்தது.

முனிரத்னம் இந்தக் கதைமேல் பைத்தியமாக இருந்தான். "முடிவு இன்னாண்ணா?" என்று மூன்று பேரையும் பிய்த்து எடுத்தான். அமுதா அக்காவுக்கு மூளை வேலை செய்தது.

"ஆளுக்கொரு முடிவு சொல்லுவோம்," என்றார் கேன்டீனில், இட்லியைப் பிட்டுக்கொண்டே. "நான் ஒண்ணு, பாய் ஒண்ணு, நீ ஒண்ணு. தனித்தனியா, ரகசியம் மாதிரி சொல்லணும். எது சூப்பர்வைசர் வாய்ல வருதோ, அவங்க பேச்சதான் அவன் கொண்டுபோறான். யார் மேல குறின்னு தெரிஞ்சிடும்ல?"

பாய் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, நீ போலீசுல இருக்க வேண்டிய ஆளு."

அப்படியே செய்தோம். இளவரசன் கடலில் மூழ்கிச் செத்துப்போனான் என்று பாய் சொன்னார். அந்த மந்திரி உண்மையில் இளவரசனின் அம்மா, மாறுவேஷத்தில் இருந்தவள் என்று அக்கா சொன்னார். நான் என் பங்குக்கு இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் குருட்டுக் காவல்காரன்தான் அரண்மனையைக் கட்டினவன், வாழ்க்கையில் அழுததே இல்லை, இளவரசன் தன் அண்ணனைக் கூப்பிடுகிற குரலைக் கேட்டு முதல் தடவையாக அழுகிறான், அந்தக் கண்ணீரில் வாசல் கரைய ஆரம்பித்து அரண்மனை மொத்தமும் கடலோடு போய்விடுகிறது என்று சொன்னேன். முனிரத்னம் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

நாலு நாள் கழித்து சூப்பர்வைசர் என் மெஷின் பக்கம் வந்தார். தகடு ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். போகிறபோது சாதாரணமாகச் சொன்னார்: "இன்னா நைனா, அந்தக் குருடன் அழுது கோட்டையே கரஞ்சி போச்சாமே!"

என் முடிவு. குறி என் மேல்.

அன்றைக்கு மதியத்திலிருந்து முனிரத்னத்துக்குக் கதை நின்றது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போனோம். "இன்னா படிக்கிறீங்கோ?" என்றால் "ஒண்ணுமில்ல" என்றோம். அவனுக்குக் காரணம் புரியவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று பக்கத்து சீட்டைக் காலியாகவே வைத்திருந்தான். பாவமாக இருந்தது. ஆனாலும் அதை நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

அவனுக்கு ஆறு மாசம் முடிகிற வாரம் சூப்பர்வைசர் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். பக்கத்து மெஷின்காரனிடம் ஒரு வார்த்தை கேட்பது அங்கே வழக்கம்.

"ரத்னம் எப்டி நைனா? வேல?"

"வேலையெல்லாம் சுத்தமா செய்வாரு சார்."

"அப்புறம் இன்னா இழுக்கற?"

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உங்கள் ஆளை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்று நாசூக்காக அவருக்கே உணர்த்திவிட வேண்டும் என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே ஒரு மயக்கம். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "ஒண்ணுமில்ல சார். இங்க பேசறத அங்க கொண்டுபோய் சொல்ற பழக்கம். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் சிரிக்கவில்லை. பேனாவால் மேஜையை இரண்டு தடவை தட்டினார். "அப்டியா," என்றார். "சரி, போ."

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. நான் குத்திக்காட்டியதாக நினைத்ததை, அவர் புகாராக எடுத்துக்கொண்டார். கம்பெனி விஷயத்தை வெளியே கொண்டுபோகிற ஆள் என்று. அந்த வாரக் கடைசியில் முனிரத்னம் போய்விட்டான். என்ன காரணம் என்று அவனிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. லாக்கரைக் காலி செய்துவிட்டு என்னிடம் வந்து, "நல்லா வேல கத்துக் குடுத்தண்ணா" என்று கையைப் பிடித்தான். நான் கையைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டேன்.

பத்து நாள் இருக்கும். காலை பஸ் புதுவாயலில் திரும்பிப் பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருக்கும். நாங்கள் வழக்கம்போலத் தூக்கம். திடீரென்று ஒரு குலுக்கல், எல்லாரும் முன்சீட்டில் போய் மோதினோம். ரோடு வேலைக்காகக் கொட்டியிருந்த மணல்மேட்டில் பஸ் ஏறி நின்றிருந்தது. நல்ல காலம், மணல். பத்தடி தள்ளியிருந்தால் வாய்க்கால். பாய்க்கு உதடு கிழிந்தது, அமுதா அக்காவின் தயிர்சாதம் முழுக்க என் தலையில். மற்றபடி ஒன்றுமில்லை.

சீனய்யா இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். "கண்ணு சொக்கிடுச்சி நைனா," என்றார். "ராவெல்லாம் வேற வண்டியும் ஓட்டறேன். ரத்னம் இருந்தா தூங்க உட மாட்டான்."

"ரத்னமா?"

"ஒருநாள் நான் சொக்கறத பாத்துட்டான். அன்னிலேர்ந்து வந்து பக்கத்துல குந்திக்குவான். தினம் கதை. தெலுங்குல சொல்லுவான். அவன் கிட்ட இருந்த கதையெல்லாம் தீந்து போச்சி. அப்புறம் ஒங்க கிட்ட கேட்டுக்கினு வந்து சொன்னான். அவனுக்குத் தமிழ் படிக்க வராதே, படிச்சதெல்லாம் அந்தப் பக்கத்து இஸ்கூல்ல. மறந்துடக் கூடாதுன்னு எழுதி வச்சிக்குவான்."

அமுதா அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் மெதுவாகக் கேட்டேன்: "அந்த உப்பு அரண்மனை கதை..."

"அதுக்கு மூணு முடிவு சொன்னான் நைனா. எது நெசம்னு அவனுக்கே தெரியல. ஒரே பேஜாரு. நாங்க ரெண்டு பேரும் பேசி, அந்தக் குருடன் அழுவறதுதான் நல்லாருக்குன்னு வச்சிக்கினோம். நான் டீ குடிக்கறப்ப சூப்பர்வைசர் கிட்டகூட சொன்னேன். அவரு கண்ணே கலங்கிப் போச்சி." பிறகு என்னைப் பார்த்தார். "நெச முடிவு இன்னா?"

பாயும் அக்காவும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"அதுதான்," என்றேன். "குருடன் அழுவறதுதான்."

நான் சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சார், தப்பு நடந்துவிட்டது, அந்தப் பையன் நல்லவன் என்று. இரண்டு தடவை அவர் ரூம் வாசல்வரை போனேன். போனால், பஸ்ஸில் பேசுவதை யாரோ உங்களிடம் சொல்கிறார்கள் என்று நாங்கள் நினைத்ததையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அடுத்தது என் வேலை. வாசலோடு திரும்பினேன். மூன்று பேரும் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பல வருஷம் கழித்து, அக்கா வேலையை விட்டுப்போகிற நாளில் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டா? கொஞ்ச நாள் அந்தக் காது நீதான்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்டா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

முனிரத்னத்தை அப்புறம் ஒரே ஒரு தடவை பார்த்தேன். கம்பெனி லாரியோடு எளாவூர் செக்போஸ்டுக்குப் போயிருந்தேன். வண்டிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. முன்னால் நின்ற நெல்லூர் லாரியிலிருந்து குதித்து இறங்கி ஒருத்தன் ஓடிவந்தான். தொப்பை போட்டிருந்தது, உயரம் மட்டும் அதே உயரம்.

"அண்ணா! தெரிதா?"

எப்படித் தெரியாமல் போகும். இப்போது லாரி ஓட்டுகிறானாம். வீட்டம்மா வந்து சேர இன்னும் ஒன்றரை வருஷம் ஆனதாம். பெண் இரண்டாவது படிக்கிறாள், தமிழ்ப் பள்ளிக்கூடம். "அதுதான் எனக்கு இப்ப எழுத்துக் கூட்டக் கத்துத் தருது. டப்பு கேக்காத டீச்சரு," என்று சிரித்தான். சீனய்யாவைக் கேட்டான், பாயைக் கேட்டான், அக்காவைக் கேட்டான். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அதே பழைய குரலில் கேட்டான்.

"இப்ப இன்னா படிக்கிறீங்கோ?"

என் தோள்பையில் புத்தகம் இருந்தது. பனிமலைக்குள் வாழும் ராட்சசப் பறவைகள் பற்றியது. ஆனால் எனக்குள்ளே அந்தப் பழைய பூச்சி ஊர ஆரம்பித்தது. இவனுக்கு எல்லாம் தெரியுமா? அன்றைக்கு ரூமில் நான் சொன்னதை யாராவது இவனிடம் சொல்லியிருப்பார்களா? தெரிந்துகொண்டே கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா? அவன் முகத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எங்க ரத்னம், நேரமே இல்ல," என்றேன். "படிக்கறதெல்லாம் உட்டாச்சி."

"ஆமாண்ணா, வேல ஜாஸ்தி இருக்கும்," என்றான். வரிசை நகர்ந்தது. ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டான்.

பழைய பேப்பர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பாய் துபாயில் இருக்கிறார். சீனய்யா போய்ச்சேர்ந்துவிட்டார். நான் இன்னும் போய்வருகிற கம்பெனி பஸ் குளிர்சாதன பஸ் ஆகிவிட்டது. இஞ்சின் பின்பக்கம் போய்விட்டதால், டிரைவர் பக்கத்தில் அந்தப் பெட்டி இல்லை, உட்கார இடமும் இல்லை. அதற்குப் பதிலாகக் கண்ணாடிக்கு மேல் சின்னதாக ஒரு கேமரா. டிரைவரின் கண் சொக்கினால் அது கத்தும்.

நேற்றுக் காலை புதுவாயல் தாண்டினதும் கத்தியது. யாரும் அசையவில்லை, எல்லார் காதிலும் ஏதோ ஒன்று செருகியிருந்தது. நான் முதல் சீட்டில் இருந்தேன். டிரைவர் புது ஆள், பெயர்கூட எனக்குத் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் பின்னால் ஒரு பார்வை பார்த்தார். பேச்சுக்கு யாராவது விழித்திருக்கிறார்களா என்று தேடுகிற மாதிரி இருந்தது. என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.